ஊமைப்பாறை வளைவில் ஒரு பாடம்

ஊமைப்பாறை வளைவில் நின்று கத்தினால், கத்திய குரல் திரும்பி வர ஓராண்டு ஆகும். கீழே சமவெளியில் இருப்பவர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்களே தவிர, மலைக்காரர்களுக்கு இதில் பிளக்க ஒன்றுமில்லை. பலா வைத்தால் வைத்த அன்றைக்கே காய்க்கிறதா, அதற்கென்று ஒரு காலம் இல்லையா, அதுபோல குரலுக்கும் ஒரு காலம் என்று சொல்லிவிட்டுத் தேயிலைச் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். போன வருடம் போட்ட சத்தம் இந்த வருடம் அதே நாளில், பொழுது சாய்ந்து பனி இறங்கும் நேரத்தில், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும் கரிய பாறையிலிருந்து புறப்பட்டு, சாவகாசமாக வளைவுக்கு வந்து சேரும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எப்படிச் சமாளிப்பது என்றுதான் கேட்டார்கள், சமாளிக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

முதலில் பஸ்காரர்கள்தான் சிரமப்பட்டார்கள். போன வருடத்து ஹாரனைக் கேட்டு, எதிரே லாரி வருகிறது என்று ஓரம் ஒதுங்கிய பஸ் ஒன்று வாய்க்காலில் இறங்கிய பிறகு, 'வளைவில் ஹாரன் அடிக்காதே' என்று நெடுஞ்சாலைக்காரர்கள் பலகை வைத்தார்கள். அதன் கீழே யாரோ கரியால், 'அடித்தால் அடுத்த வருசம் நீயே வந்து வாங்கிக்கொள்' என்று எழுதி வைத்தார்கள். ஓட்டுக் கேட்டு மைக் கட்டிக்கொண்டு வந்த ஒருத்தர் ஜெயித்தார்; அவர் பேசி ஒரு வருடம் ஆன அன்றைக்கு, அவர் சொன்ன பாலமும் ஆஸ்பத்திரியும் ஒன்றுவிடாமல் பாறையிலிருந்து திரும்பி வந்ததால், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எந்தக் கட்சியும் மைக்கைத் திறப்பதில்லை. நான் அப்படித் திட்டவே இல்லை என்று சத்தியம் செய்தவனை, சரி, வருசம் திரும்பட்டும், வளைவில் பார்த்துக்கொள்ளலாம் என்று பஞ்சாயத்தில் வாய்தா போட்டு அனுப்பினார்கள். கருவிகளோடு வந்து ஹலோ ஹலோ என்று கத்திப் பார்த்த இரண்டு படித்தவர்கள், ஒன்றும் வரவில்லை என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனார்கள். மறு வருடம் அவர்களுடைய ஹலோவுக்கு டீக்கடை மயிலாத்தாள்தான், "சொல்லுங்க" என்று பதில் சொன்னாள்.

வெறும் சத்தம் வந்து அடங்கிவிடும். பெயர் மட்டும் அடங்காது. ஒருத்தர் பெயரைச் சொல்லி அங்கே கூப்பிட்டிருந்தால், மறு வருடம் அந்தப் பெயர் வரும்போது பதில் சொல்ல ஆள் வேண்டும். பதில் வராவிட்டால் அப்போதே பெயர் மறுபடி வரும், மறுபடியும் வரும், மூன்றாம் தடவைக்கும் பதில் இல்லை என்றால் அங்கேயே தங்கிவிடும். அதன்பின் அது ஒவ்வொரு நாளும் பனியோடு சேர்ந்து வந்து கூப்பிடும், அதை யாராலும் நிறுத்த முடியாது. சுற்றுலா வந்து தங்கள் பெயர்களைத் தாங்களே கத்தி விளையாடிவிட்டுப் போகிறவர்களா மறு வருடம் வந்து பதில் சொல்லப் போகிறார்கள்? அந்த வேலையை மயிலாத்தாள் பார்த்துக்கொண்டாள். டீயை ஆற்றிக்கொண்டே, "ஊருக்குப் போயாச்சு, போ" என்பாள், பெயரும் சமாதானமாகிப் போய்விடும். மகள் பிரசவத்துக்கு என்று அவள் கடையைப் பூட்டிவிட்டுக் கீழே போன ஒரு மாதத்தில் தங்கிப்போன பெயர்களை மைனாக்கள் கற்றுக்கொண்டுவிட்டன, இப்போதும் அந்தக் காட்டில் மைனாக்கள் ஹரீஷ், ஹரீஷ் என்றுதான் கத்துகின்றன.

அந்த மாதத்தில் ஒரு நாள்தான், பூட்டிய கடையின் முன்னே, நறுமுகையின் குடும்பம் தங்கள் பழைய ஆம்னி வேனை நிறுத்தியது. அது போன ஐப்பசி. அப்போது அவர்கள் நாலு பேர்.

நறுமுகைக்கு இப்போது பதினொரு வயது, பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவள் அம்மா சுகந்தி கல்யாணத்துக்கு முன்னால் ஆசிரியையாக இருந்தவள். கேள்வி கேட்ட ஒரு பையனை வெயிலில் நிறுத்தும்படி தலைமையாசிரியர் சொன்ன அன்றைக்கே வேலையை உதறிவிட்டு, எனக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கு நானே சொல்லித் தருவேன் என்று சபதம் போட்டவள். அப்பா தனபால் உடுமலைப்பேட்டையில் மோட்டார் பம்பு ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள அது என்ன கோழிக்குஞ்சா என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். நறுமுகைக்கும் அவளைவிட மூன்று வயது சின்னவனான தம்பி செழியனுக்கும் சமையலறைதான் ரசாயனக்கூடம், பட்டறைதான் இயற்பியல், வருடா வருடம் ஐப்பசியில் வேனில் மலையேறுவதுதான் பெரிய பாடம்.

ஐப்பசி என்றால் கூதிர் காலம், குளிர்காற்றும் தூறலும் ஒன்றாகச் சேர்ந்து வரும் காலம் என்று அம்மா அடிவாரத்தில் ஆரம்பிப்பாள். கொண்டை ஊசி வளைவில் கோணம் அளப்பது, எந்த உயரத்தில் தென்னை நின்று எந்த உயரத்தில் தேயிலை தொடங்குகிறது என்று பார்ப்பது, இவற்றோடு சிப்ஸ் பாக்கெட் பாடம் ஒன்று உண்டு. அடிவாரக் கடையில் ஆளுக்கொரு பாக்கெட் வாங்கித் தருவார் அப்பா; ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைந்து பாக்கெட் உப்பும்; உச்சிக்குப் போகும்வரை பிரிக்கக் கூடாது. செழியன் தன் பாக்கெட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவான். "அக்கா, இதுக்கு மூச்சு முட்டுது பாரு" என்பான்.

பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் ஒரு ஏக்கம் இருக்கும்தானே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொல்லக் கேட்டு, நமக்கும் அட்டெண்டன்ஸ் எடு என்று செழியன்தான் அம்மாவைப் பிடுங்கினான். அன்றிலிருந்து தினமும் காலையில், இட்லித் தட்டை எடுத்து வைத்த கையோடு, அம்மா அடுப்படி வாசலில் நின்று குரலை மாற்றிக்கொண்டு கூப்பிடுவாள். "நறுமுகை!" "உள்ளேன் அம்மா." "செழியன்!" "உள்ளேன் அம்மா!" இரண்டே பேர் இருக்கும் வகுப்பு. நறுமுகை குளியலறையில் இருக்கும் நாள்களில் அவனுக்குக் கொண்டாட்டம். வராத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். "அக்கா வரலைம்மா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவான். அவனுக்காக அப்படிச் சொல்லும் வாய்ப்பை மட்டும் அவன் யாருக்கும் கொடுத்ததில்லை. எல்லா நாளும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவான்.

போன ஐப்பசியின் பாடம் எதிரொலி. ஒருத்தர் கத்த வேண்டும், ஒருத்தர் நேரம் அளக்க வேண்டும், அதிலிருந்து பாறை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட வேண்டும். அப்பா தலைவலி மாத்திரை வாங்க வளைவுக்கு மேலே கடை இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தார். அம்மா தலைவலியோடு வேனுக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஸ்டாப்வாட்சை யாருக்கும் தராமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செழியன் தடுப்புச்சுவரின் அந்தக் கோடியில் போய் நின்றான். என்ன கத்துவது என்று நறுமுகை யோசித்தாள். எதிரே அவன்தான் நின்றான், அதனால் அவன் பெயரையே கத்தினாள். "செழியா...!" அவன் பொத்தானை அழுத்தினான். அதோடு இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். எதிரொலி வரவேயில்லை.

அப்பா வந்து பார்த்துவிட்டு, பனி குரலைத் தின்றிருக்கும் என்று சமாளித்தார். வாட்சை நிறுத்துடா, போகலாம் என்றார். செழியன் நிறுத்தவில்லை. "வரலையேப்பா, எப்படி நிறுத்தறது?" என்று கேட்டான். கேள்வி கேட்கத்தானே வளர்த்தார்கள். வாட்சு ஓடிக்கொண்டே வீட்டுக்கு வந்தது. அவன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சாப்பிட்டான், தூங்கினான். மாசியில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோதும், கையில் ஊசி ஏற்றிய இடத்துக்குப் பக்கத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. அவன் போன பிறகும் ஓடியது. அதை நிறுத்த அந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

அட்டெண்டன்ஸும் நிற்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் காலையில் அம்மா அடுப்படி வாசலில் நின்று, "நறுமுகை" என்றாள். "உள்ளேன் அம்மா" என்று இவள் சொல்லி முடிக்கும் முன்பே, "செழியன்" என்றாள். பிறகு காத்திருந்தாள். தோசைக்கல் புகையும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து எல்லாக் காலையும் அப்படித்தான். அம்மா தன் பெயரைச் சொல்லும்போது தன்னைப் பார்ப்பதே இல்லை என்பதை நறுமுகை கவனித்தாள். அடுத்த பெயருக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு மைல்கல்லைத் தாண்டுவதுபோல அவளைத் தாண்டிப் போனாள். அது நறுமுகைக்கு வலித்தது. செத்தவன் மேல் பொறாமைப்படுகிறோமோ என்று பயந்துபோய், அந்த வலியையும் விழுங்கிக்கொண்டாள்.

புரட்டாசியில், வீட்டை ஒட்டிய பட்டறைக்கு வந்த ஒரு லாரி டிரைவர்தான் ஊமைப்பாறையின் சங்கதியைப் போகிறபோக்கில் சொன்னார். அம்மா கையில் மாவோடு வந்து நின்று கேட்டாள், திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்று ராத்திரி பல மாதத்துக்குப் பிறகு அவள் தட்டில் சோறு மிச்சமில்லாமல் காலியானது. "கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தேன், ஆனா காதில விழுந்துச்சு. அவன் கத்துனான். நம்ம செழியன் குரல் திரும்பி வரப்போவுது" என்றாள். பிறகு நறுமுகையின் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னன்னு கத்துனான் சொல்லு அம்மணி" என்று கேட்டாள்.

அவன் கத்தவில்லை. அவன் வாட்சுதான் பிடித்தான். இது நறுமுகைக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அம்மாவின் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அதை ஊதி அணைக்க யாருக்கு மனசு வரும். "மறந்துடுச்சும்மா" என்றாள். பொய் சொல்வது தோசைமாவு மாதிரி, வைத்திருக்க வைத்திருக்கப் பொங்கும் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

இந்த ஐப்பசியில், அதே நாளில், வேன் மலையேறியது. அம்மா மகனுக்குப் பிடித்த மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தாள். ஸ்டாப்வாட்சு நறுமுகையின் கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடிவாரக் கடையில் அப்பா பழக்கதோஷத்தில் இரண்டு பாக்கெட் சிப்ஸ் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் பின் சீட்டில் வைத்தார். தூறலில் தேக்கு மரங்கள் கறுத்து நின்றன, கூதிர் என்ற சொல்லை இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. கோணமும் யாரும் அளக்கவில்லை. ஏற ஏறப் பாக்கெட்டுகள் இரண்டும் உப்பி ஒன்றோடு ஒன்று உரசிச் சத்தமிட்டன, அம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தாள்.

பாதி வழியில் இன்ஜின் சூடேறி, தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது, அப்பா நறுமுகையை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அன்னிக்கு அவன் கத்துனானா முகை?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அப்பா கேனின் மூடியைத் திருகினார். "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. அம்மாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம்" என்றார்.

இந்தத் தடவை மயிலாத்தாளின் கடை திறந்திருந்தது. பெரிய உடம்பு, தலையில் கம்பளித் துண்டு, கையில் டீ ஆற்றும் போணி. கேட்காமலே மூன்று டீயை நீட்டினாள். "ஆருக்கு வந்திருக்கீங்க?" என்றாள், ஆஸ்பத்திரி வாசலில் கேட்கிற மாதிரி.

"எம் பையனுக்குங்க்கா" என்றாள் அம்மா. "அவன் குரல் வரும்."

மயிலாத்தாள் மஞ்சள் சேலையைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், மேற்கொண்டு கேட்கவில்லை. வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிற சட்டத்தை மட்டும் சொன்னாள். "பேரு வந்தா மட்டும் பதில் சொல்லிப்போடோணும் கண்ணு. சொந்தக்காரங்க நிக்கிறப்ப அடுத்தவ வாய் வெக்கப்படாது, அதனால நாஞ் சொல்ல மாட்டேன். என்ன வேணா சொல்லலாம், ஆனா மெய்யா இருக்கோணும். பொய்க்கு அது அடங்காது. அங்க பாருங்க."

வளைவின் அந்தப் பக்கம் இடிந்துபோன பஸ் நிழற்குடை ஒன்று இருந்தது. அதன் சிமெண்டு பெஞ்சில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், பக்கத்தில் சோற்றுத் தூக்குப்போசியை வைத்துக்கொண்டு, பாறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"கண்டக்டரு நாச்சிமுத்து. சம்சாரத்தோட பஸ்ஸுல வந்தாப்ல. அது கொய்யாப்பழம் வாங்க இறங்குச்சு, இவரு சிரிச்சுக்கிட்டே, ருக்கு ஏறு, பஸ்ஸு கிளம்பிருச்சுன்னு ஒரு கத்துக் கத்துனாரு. அடுத்த வருசம் அந்தப் பேரு வர்றப்ப அது உசுரோட இல்ல. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? இதோ வர்றா, வந்துக்கிட்டிருக்கான்னாரு. மூணு தரமும் அதையே சொன்னாரு. அப்புறம் பேரு எப்படிப் போகும்? தங்கிருச்சு. இவரும் தங்கிட்டாரு. மகன் வந்து எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பாத்துட்டான்."

"பாவம்" என்றார் அப்பா.

அம்மா பாவம் என்று சொல்லவில்லை. அந்தப் பெஞ்சை அவள் பார்த்த விதம் நறுமுகைக்குப் பிடிக்கவில்லை. வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் பார்க்கும் பார்வை அது.

பொழுது சாய்ந்தது, பனி கீழிருந்து ஏறி, மேலிருந்து இறங்கி, நடுவில் சந்தித்துக்கொண்டது. கடைசி பஸ் ஹாரன் இல்லாமல் வந்து நின்றது; உள்ளே இருந்தவர்கள் செல்போனை அணைத்துவிட்டு, பிள்ளைகளின் வாயைக் கையால் பொத்தி, கோயில் வாசலைக் கடப்பதுபோலக் கடந்து போனார்கள். தேயிலைக் காட்டிலிருந்து வீடு திரும்பிய பெண்கள், யாருக்கோ இன்று குரல் வருகிறது என்று தெரிந்துகொண்டு, போகாமல் ஓரமாக நின்றார்கள். அது அங்கே வழக்கம். சாவு வீட்டில் நிற்கிற மாதிரி, தெரியாதவர்களுக்காகவும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள்.

முதலில் போன வருடத்து நாய் ஒன்று குரைத்தது, தங்கிப்போன ஹரீஷ் வந்து போனது. பிறகு, "ருக்கு ஏறு, பஸ்ஸு கிளம்பிருச்சு" என்று ஒரு சந்தோஷமான ஆம்பிளைக் குரல் வந்தது. பெஞ்சில் இருந்தவர் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தார். அம்மா தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, மூச்சுகூட விடாமல் நின்றாள்.

"செழியா...!"

வந்துவிட்டது. கூர்மையான குரல், முடிவில் சிரிப்பை அடக்கிய ஒரு நடுக்கம். நறுமுகைக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு சந்தோஷமாக இருந்தோமா என்று நினைத்தாள். தம்பி இருந்த காலத்துப் பெண் ஒருத்தி அங்கே பனிக்குள் நின்றுகொண்டு, எதுவும் தெரியாமல் கூப்பிடுகிறாள்.

"இது நீயி" என்றாள் அம்மா திரும்பாமல். "அடுத்தாப்ல அவன்."

எல்லோரும் காத்திருந்தார்கள். டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் விழும் சத்தம் கேட்டது. அம்மா விரலை உயர்த்தி, இப்போது, இப்போது என்று காற்றில் தாளம் போடுவதுபோல அசைத்தாள்.

"செழியா...!"

மறுபடியும் அதே குரல். பதில் இல்லாததால் பெயர் திரும்ப வந்திருந்தது. அம்மாவின் விரல் அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள்.

"அவன் கத்தலையா?"

"இல்லம்மா" என்றாள் நறுமுகை. "அவன் வாட்சு புடிச்சிருந்தான்."

அம்மா அழுவாள், அடிப்பாள் என்று நறுமுகை நினைத்தாள். அம்மா இரண்டும் செய்யவில்லை. அவள் முகம் நிதானமானது, அதுதான் பயமாக இருந்தது. "சரி. அப்ப யாரும் பதில் சொல்லாதீங்க" என்றாள்.

"கண்ணு, வேண்டாம்" என்றாள் மயிலாத்தாள். "இன்னும் ஒரே ஒரு தரம்தான்."

"தங்கட்டும்க்கா. எங்க வீட்டுல நான் ஒருத்திதான் அவனைக் கூப்பிட்டுக்கிட்டிருக்கேன். எனக்குப் பிற்பாடு ஆரு கூப்பிடுவாங்க? இங்கயாவது ஒரு குரல் தினமும் அவன் பேரச் சொல்லட்டும்." பிறகு அப்பாவைப் பார்த்து, கறிகாய் வாங்கச் சொல்கிற சாதாரணக் குரலில் சொன்னாள். "ஏனுங்க, நீங்க முகையக் கூட்டிக்கிட்டு இறங்குங்க. நான் இங்க ஒரு ரூம் பாத்துக்கறேன்."

எந்த மோட்டாரையும் ஓடவைக்கத் தெரிந்த அப்பா, வேன் சாவியை எடுத்தார், மறுபடி பையில் போட்டார். அம்மா நிழற்குடையை நோக்கி நடந்தாள். பெஞ்சில் இருந்த நாச்சிமுத்து அவள் வருவதைப் பார்த்தார், தூக்குப்போசியை எடுத்து மறுபக்கம் வைத்தார், நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அந்த இடத்தை நறுமுகை பார்த்தாள். ஒரு ஆள் உட்காரும் அளவு ஈரமில்லாத சிமெண்டு. அங்கே அம்மா உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டாள் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. தம்பியை மாசியில் கொடுத்தாயிற்று, அம்மாவையும் கொடுக்க முடியாது, முடியாது என்று அவள் உள்ளே யாரோ கத்தினார்கள். என்ன பதில் சொல்வது? உள்ளேன் என்று சொன்னால் பொய். செத்துவிட்டான் என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை, அவள் வாயிலும் வராது. வேறு என்ன மெய் இருக்கிறது?

"செழியா...!"

மூன்றாம் தடவை. அம்மா பெஞ்சுக்கு முன்னால் திரும்பி நின்று, சேலையைச் சரிசெய்து, உட்காரக் குனிந்தாள்.

நறுமுகை தடுப்புச்சுவரின் அந்தக் கோடிக்கு, போன வருடம் அவன் நின்ற இடத்துக்கு ஓடினாள். எத்தனையோ காலையில் தொண்டைவரை வந்து, தோசைக்கல் புகையும்வரை நின்று, திரும்பிப்போன சொல் ஒன்று இருந்தது. பக்கத்துப் பிள்ளை சொல்ல வேண்டிய சொல். அந்த வகுப்பில் அவனுக்குப் பக்கத்துப் பிள்ளை அவள் ஒருத்திதான்.

"தம்பி வரலைம்மா...!"

பாறை அதை வாங்கிக்கொண்டது. ஒன்றும் திரும்பவில்லை. பனிக்குள் ஏதோ ஒன்று, நெடுநேரம் கைகட்டி நின்ற பிள்ளை ஒன்று, சரி என்று உட்கார்ந்ததுபோல அடங்கியது. தேயிலைப் பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

அம்மா ஓடிவந்தாள். சேலை தடுக்கியும் நிற்காமல், கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். நறுமுகை கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழட்டும் என்றுதான் நின்றாள், விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஓங்கிய கை இறங்கி வந்து அவள் நெஞ்சில் தொங்கிய வாட்சைப் பிடித்தது. அம்மாவின் கட்டைவிரல் பொத்தானைத் தடவியது, தடவிக்கொண்டே இருந்தது, பிறகு அழுத்தியது. அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அம்மா அழுதாள். மாசியிலிருந்து சேர்த்து வைத்ததை எல்லாம், மகளின் கழுத்தில் முகத்தை அழுத்திக்கொண்டு, மாடு கத்துவதுபோலக் கத்தி அழுதாள். வாட்சில் எவ்வளவு காட்டியது என்று அப்பாகூடப் பார்க்கவில்லை.

"இந்த அழுகை அடுத்த வருசம் வருமேக்கா" என்றாள் தேயிலைப் பெண் ஒருத்தி மெதுவாக.

"வரட்டும்" என்றாள் மயிலாத்தாள். "இவங்க வர வேண்டாம். நாங் கேட்டுக்கறேன்."

நாச்சிமுத்து காலி இடத்தைப் பார்த்தார். பிறகு தூக்குப்போசியை எடுத்து, பழைய இடத்திலேயே வைத்தார்.

வேன் இறங்கியது. பின் சீட்டில் பிரிக்காத பாக்கெட்டுகள் இரண்டும் வளைவுக்கு வளைவு காற்றிறங்கி, அடிவாரம் வருவதற்குள் வாங்கியபோது இருந்த அளவுக்கே வந்துவிட்டன. யாரும் அதைப் பாடமாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மழை. அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஆசிரியைக் குரலை வரவழைக்கப் பார்த்தாள், வரவில்லை, தன் குரலிலேயே கூப்பிட்டாள்.

"நறுமுகை."

நறுமுகைக்கு வாய் திறக்கவில்லை. அம்மா தன்னைப் பார்த்துக் கூப்பிட வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டாள். ஆனால் பதில் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அடுத்த பெயர் வராது. வராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் பேசாமல் இருக்கும்வரை அவன் பெயர் இன்னும் வரவேண்டியதாக, வரிசையில் நிற்பதாக இருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோசைக்கல் புகைய ஆரம்பித்தது. அம்மா போகவில்லை. வேறெங்கும் பார்க்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளேன் அம்மா" என்றாள் நறுமுகை.